கேட்கும் சொற்பொழிவும் காணும் நகரும்: பேட்ரிக் கெடிஸின் சென்னைக் கண்காட்சி, 1915

ஆய்வுச் சுருக்கம்

நகரங்களின் எதிர்காலம் குறித்துப் பொதுமக்கள் முன் ஆற்றப்படும் சொற்பொழிவு இன்று பழக்கமான நிகழ்வு. தமிழகத்தில் அதன் தொடக்ககால வடிவங்களுள் ஒன்று, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் இல்லத்தில் பேட்ரிக் கெடிஸ் நடத்திய நகரமைப்புக் கண்காட்சியும் அதனுடன் இணைந்த உரைகளும் ஆகும். கெடிஸுக்குச் சொற்பொழிவு என்பது திட்டத்தை விளம்பரப்படுத்தும் கருவியன்று. திட்டமிடலின் முதற்படியே அதுதான் என்பதையும், அம்முறை தமிழ் நிலத்தில் எங்கே வேர்கொண்டது, எங்கே தடைப்பட்டது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பேட்ரிக் கெடிஸ், நகரமைப்பு, பொதுச்சொற்பொழிவு, செனட் இல்லம், தஞ்சாவூர், திணை, ஏரி.

முன்னுரை

நகரமைப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் வரைபடங்களையும் கட்டடங்களையும் சான்றாகக் கொள்வர். அவற்றுக்கு முன்னர் நிகழ்ந்த பேச்சு சான்றாகக் கொள்ளப்படுவது அரிது. பேச்சு காற்றோடு போவது. ஆவணக்காப்பகத்தில் அதற்கு அடுக்கு இல்லை. ஆயினும், ஓர் ஊர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் முதலில் யாரோ ஒருவர் பலர் முன் நின்று சொன்னதாகவே பிறக்கிறது. யார் சொன்னார், எம்மொழியில் சொன்னார், கேட்டவர் மறுமொழி கூற இடம் இருந்ததா என்னும் வினாக்கள் வரைபடத்தின் கோடுகளைப் போலவே முதன்மையானவை. இவ்வினாக்களை மனத்திற்கொண்டே கெடிஸின் சென்னை வருகை இங்கு அணுகப்படுகிறது.

கெடிஸ் (1854–1932) கட்டடக்கலைஞர் அல்லர், பொறியாளரும் அல்லர். ஸ்காட்லாந்தில் பிறந்த தாவரவியலாளர். 1888 முதல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். திருமணமான சில மாதங்களில், வசதியான புதிய குடியிருப்பை விட்டு, எடின்பரோ பழைய நகரின் நெரிசல் மிக்க ஜேம்ஸ் கோர்ட் பகுதியில் மனைவி அன்னாவுடன் குடியேறி, அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்தும் சன்னல்களில் பூஞ்செடி வைத்தும் சீரமைப்பைத் தொடங்கினார். நகரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது அதன் பின்னரே. இவ்வரிசை கருதத்தக்கது.

கடலில் மூழ்கிய கண்காட்சி

1912 முதல் 1919 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பென்ட்லண்ட் பிரபு. அவர் அதற்குமுன் ஸ்காட்லாந்துக்கான அமைச்சராகப் பணியாற்றியவர். கெடிஸின் எடின்பரோப் பணிகளை அறிந்தவர். அவர் மனைவியின் தாயாராகிய அபர்டீன் சீமாட்டி, டப்ளின் நகரில் கெடிஸின் கண்காட்சிக்கு ஆதரவளித்தவர். இத்தொடர்பின் வழியே 1914இல் கெடிஸுக்குச் சென்னையிலிருந்து அழைப்புச் சென்றது. அவர் தம் மகன் அலாஸ்டருடன் புறப்பட்டார். 1911 முதல் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் காட்டப்பட்டு, 1913இல் கென்ட் உலகக் கண்காட்சியில் உயரிய பரிசு பெற்ற வரைபடங்களும் ஓவியங்களும் மாதிரிகளும் 'கிளான் கிராண்ட்' என்னும் சரக்குக்கப்பலில் தனியே அனுப்பப்பட்டன.

அக்கப்பல் வந்து சேரவில்லை. 1914 அக்டோபரில் மினிக்காய்த் தீவை ஒட்டிய கடற்பகுதியில் செருமானியப் போர்க்கப்பல் எம்டன் அதனை மூழ்கடித்தது. அதற்கு ஒரு திங்கள் முன்னர், செப்டம்பர் 22 இரவில், சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்ததும் அதே எம்டன்தான். எமகாதகனைக் குறிக்க இன்றும் தமிழ்ப் பேச்சில் 'எம்டன்' என்னும் சொல் வழங்குவதை அனைவரும் அறிவர். ஆனால் அக்கப்பல், தமிழகத்துக்கு வரவிருந்த நகரமைப்புக் கண்காட்சி ஒன்றையும் கடலடியில் சேர்த்தது என்பது பரவலாக அறியப்படாதது. கெடிஸின் பல்லாண்டுச் சேகரம் ஒரே நாளில் அழிந்தது. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் (கட்டடக்கலைஞர் எச்.வி. லான்செஸ்டர் இவர்களுள் முதன்மையானவர்) விரைந்து வேறொரு தொகுப்பைத் திரட்டி அனுப்பினர். போர்க்காலத்தில், எதிரிக்கப்பல்கள் திரியும் கடல்வழியே, படங்களும் வரைபடங்களும் மீண்டும் அனுப்பப்பட்டன என்பதே அம்முயற்சியின் உறுதியைக் காட்டும்.

1915 சனவரியில் செனட் இல்லத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. பின்னர் அது பம்பாய், கல்கத்தா, நாக்பூர் முதலிய நகரங்களுக்குச் சென்றது. செனட் இல்லம் இராபர்ட் சிசோம் வடிவமைத்து 1870களில் எழுந்த இந்தோ-சாரசனிக் கட்டடம்; ஐரோப்பியப் பொறியியலோடு இந்திய வளைவுகளையும் குவிமாடங்களையும் இணைத்து, 'இந்நாட்டுக்கு எத்தகைய கட்டடம் பொருந்தும்' என்னும் வினாவுக்கு ஆங்கில ஆட்சி தந்த விடைகளுள் ஒன்று. பண்டைய நகரங்கள் தொடங்கி இடைக்கால ஐரோப்பிய ஊர்கள், தொழிற்புரட்சியின் புகைநகரங்கள், புதிய தோட்டநகரங்கள் வரை ஒரு வரலாற்று ஒழுங்கில் சுவர்களில் தொங்கின. பார்வையாளர் ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல, கெடிஸ் உடன்நடந்து விளக்குவார். தனியே உரைகளும் உண்டு.

பேசத் தெரியாத பேச்சாளர்

கெடிஸ் நல்ல மேடைப்பேச்சாளர் அல்லர் என்பதை அவர் மாணவர்களே பதிவு செய்துள்ளனர். குரல் தாழ்ந்தது, சொற்கள் அடர்ந்த தாடிக்குள் மறைந்துவிடும், ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவார், நேரக்கணக்கு இல்லை. அவரைக் குருவாகக் கொண்ட லூயிஸ் மம்ஃபோர்டும் இக்குறையை மறைக்கவில்லை. அப்படியாயின் அவர் உரைகள் ஏன் விளைவு தந்தன?

விடை அவர் இளமையில் இருக்கிறது. 1879இல் மெக்சிகோவில் ஆய்வுக்குச் சென்றபோது கண் நோயுற்றுச் சில வாரங்கள் இருட்டறையில் கட்டிய கண்களுடன் கிடந்தார். அப்போது சன்னற்சட்டத்தின் கட்டங்களைக் கைகளால் தடவி, கட்டத்துக்கு ஓர் எண்ணமாக வைத்துச் சிந்திக்கும் பழக்கம் பிறந்தது. நுண்ணோக்கிப் பணிக்குக் கண் மீண்டும் முழுமையாகப் பயன்படவில்லை. தாவரவியலாளர் நகரத்தின் பக்கம் திரும்பினார். அதன்பின் கட்டங்களும் படங்களும் இன்றி அவர் பேசியதில்லை எனலாம். எடின்பரோவில் 1892இல் அவர் பெற்ற 'அவுட்லுக் கோபுரம்' இம்முறையின் கட்டட வடிவம். உச்சியில் இருட்டறை ஒளிப்பெட்டி வழியே நகரின் உயிருள்ள காட்சி வெண்மேசையில் விழும். கீழிறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் எனத் தளங்கள் விரியும். பார்வையாளர் முதலில் தம் ஊரைக் காண்பார், உலகம் அதன்பின்.

ஆகவே அவருடைய 'சொற்பொழிவு' மூன்று உறுப்புகள் கொண்டது: படங்களின் நடுவே நடத்தல், மேடையில் பேசுதல், ஊருக்குள் இறங்கி நடத்தல். இவற்றுள் நடுவில் உள்ளதே மிக வலுவற்றது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிவரும் பகுதிக்கு 'ஊர்காண் காதை' என்று பெயர். ஊரை அறிதல் என்பது காலால் கண்டறிதல் என்னும் உணர்வு அத்தலைப்பிலேயே உள்ளது. கெடிஸின் மூன்றாம் உறுப்புக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ப்பெயர் கிடைப்பது கடினம்.

தஞ்சைக் கோட்டைச் சந்துகள்

சென்னைக் கண்காட்சியைச் சூழ்ந்த காலத்தில் கெடிஸ் மாகாணத்தின் பல ஊர்களுக்குச் சென்று அறிக்கைகள் எழுதினார். காஞ்சிபுரத்தைப் பெரிய கோயில்களுக்காக மட்டுமன்றி, முழுமையான நல்ல நகரத்திட்டத்துக்காகவும் பாராட்டினார். மதுரையும் பல்லாரியும் அவர் கருத்துக்கு உட்பட்டன. ஆயினும் அறிக்கைகளுள் தஞ்சாவூரைப் பற்றியதே பிற்காலத்தில் உலக நகரமைப்புப் பாடநூல்களுக்குச் சென்றது.

தஞ்சைக் கோட்டைக்குள் தெற்கு வீதியை ஒட்டிய நெரிசலான பகுதிக்குப் பொறியாளர் தீட்டிய திட்டம் ஒன்று முன்னரே இருந்தது. அளவுகோலை வைத்துக் கோடு போட்டதுபோல் நேரான புதிய தெருக்கள்; அக்கோட்டில் அகப்படும் வீடுகள் அனைத்தும் இடிக்கப்படும். கெடிஸ் அவ்விடத்தை வரைபடத்துடன் வீடுவீடாக நடந்து பார்த்தார். எந்த வீடு உண்மையில் பாழடைந்தது, எது பழையதாயினும் உறுதியானது, எங்கே வெற்றுமனை கிடக்கிறது, எந்த மரத்தடியில் மக்கள் கூடுகின்றனர் என்று குறித்தார். பழைய சந்துகளே போக்குவரத்துக்குப் போதுமானவை. அவற்றைச் சற்றே அகலப்படுத்தி, மிகச் சிதைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, வெற்றுமனைகளைச் சிறு திடல்களாக்கினால் ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றும் ஒளியும் எட்டும் என்பது அவர் முடிவு. பொறியாளர் திட்டத்தைவிட இதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

இம்முறைக்கு அவர் இட்ட பெயரை 'உறுப்பு காக்கும் அறுவை' என்று தமிழாக்கலாம். நோயைத் தேர்ந்த பின்னரே கத்தி. அதுவும் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தைப் பயின்றவர்க்கு இந்நெறி புதிதாகத் தோன்றாது. இது மலிவானது என்பதால் எளிதானது என்று பொருளன்று. அலுவலக மேசையில் செய்ய இயலாதது; நெடுநேரம் வெயிலில் நிற்க வேண்டும்; வீட்டுக்காரர்களின் மனநிலையை அறிய வேண்டும்; திட்டத்தை அவ்விடத்திலேயே திரும்பத் திரும்ப வரைந்து திருத்த வேண்டும். நிர்வாகம் ஏன் நேர்க்கோட்டை விரும்புகிறது என்பதும் இங்கே விளங்கும். நேர்க்கோட்டுக்கு மதிப்பீடு தயாரிக்கலாம், ஒப்பந்தம் விடலாம், அதை வரைந்த அலுவலர் மாற்றலாகிப் போனாலும் கோடு இருக்கும். சந்தோடு சந்தாக நடந்தறிந்த அறிவு, நடந்தவரோடு போய்விடும்.

கெடிஸின் வலுவின்மையும் இவ்விடத்தில்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. உரைகள் ஆங்கிலத்தில்; அறிக்கைகளும் ஆங்கிலத்தில். செனட் இல்லத்தின் உரை ஆங்கிலம் கற்றோரையே எட்டியிருக்கும். மக்களோடு சேர்ந்தே நகரைத் திருத்த வேண்டும் என்று வாதிட்டவர், அம்மக்களின் மொழியில் ஒரு வாக்கியமும் பேச இயலாதவராக இருந்தார். அவர் உரைகளில் குறைபட்டது கருத்தன்று, கேட்போர் கூட்டமே என்பது என் மதிப்பீடு. 1947இல் ஜாக்குலின் டிர்விட் தொகுத்த 'இந்தியாவில் பேட்ரிக் கெடிஸ்' என்னும் நூல் வழியாகத் தஞ்சைச் சந்துகள் உலகின் பல கட்டடக்கலைப் பள்ளிகளுக்குத் தெரிந்தன; அச்சந்துகளில் வாழ்வோர்க்கு அது தெரிய வழியில்லாமற் போயிற்று.

பள்ளத்தாக்கும் திணையும்

கெடிஸ் உரைதோறும் காட்டிய படம் ஒன்றுண்டு: மலையுச்சியிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு. மேலே சுரங்கத்தொழிலாளியும் மரவெட்டியும் வேடனும், சரிவில் இடையன், கீழே உழவன், கரையில் மீனவன். நகரம் இவர்கள் அனைவரின் தொழில்களும் வந்து கூடும் இடம். இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் சேர்த்தே காண வேண்டும் என்பது அவர் பாடம்.

தமிழ் ஆய்வாளர் எவரும் இப்படத்தைக் கண்டவுடன் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவர். எனக்கும் அப்படியே நேர்ந்தது. ஆனால் இவ்வொப்புமையை அளவோடு கொள்ளல் நன்று. கெடிஸின் மும்மைக்கு மூலம் பிரெஞ்சுச் சமூகவியலாளர் லெ பிளே. திணையோ முதலில் செய்யுள் இலக்கணம். முதற்பொருளும் கருப்பொருளும் அங்கே உரிப்பொருளைத் தாங்குவதற்காக உள்ளன. நிலத்துக்குத் தொழில் உண்டு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. நிலத்துக்குக் காதலின் ஒரு நிலையும் உண்டு என்னும் திணையின் துணிவு கெடிஸிடம் இல்லை. மறுபுறம், மலையில் எது வெட்டப்படுகிறதோ அது கடற்கரை நகரின் விலைவாசியில் தெரியும் என்னும் பொருளியல் தொடர்ச்சி திணைக்கோட்பாட்டின் நோக்கம் அன்று. இதைத் 'தாக்கம்' என்று எழுதத் தொடங்கினால் வழிதவறுவோம். கேட்போரின் மரபில் முன்னரே இருந்த ஒரு காட்சியமைப்பைப் பேச்சாளர் அறியாமலேயே தொட்டிருக்கிறார் என்று கொள்வதே தகும்.

இத்தொடர்ச்சியை அவர் கண்ட இடம் நீர். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று சுகாதார அலுவலர்கள் வற்புறுத்திய காலம் அது. கெடிஸ் இந்திய நகர அறிக்கைகளில் இதனை எதிர்த்தார். குளத்தைத் தூர்ப்பதைவிடத் தூய்மைப்படுத்துவதே வழி. கொசுப்புழுவை உண்ண மீனும் வாத்தும் போதும். குழாய்நீர் என்றேனும் நின்றுபோகும், அன்றைக்குக் கிணறும் குளமும் வேண்டும். சுற்றுப்புறம் குளிர்வதும் நீரால்தான் என்பன அவர் வாதங்கள்.

சென்னையில் நடந்தது வேறு. 1915இல் லான்செஸ்டரும் இங்கு வந்து பணியாற்றினார். 1918இல் சென்னை நகரமைப்பு குறித்த அவர் நூல் வெளிவந்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் நகரின் மேற்கே நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, இன்றைய தியாகராய நகர் எழுந்தது. பனகல் பூங்காவை நடுவாகக் கொண்ட அதன் தெருவமைப்பில் தோட்டநகரக் கருத்தின் சாயலைக் காணலாம். கண்காட்சியின் சுவரில் தொங்கிய ஒரு படம் நிறைவேறியது. அறிக்கையில் எழுதிய ஒரு வாதம் கைவிடப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'ஏரிக்கரைச் சாலை' உண்டு, நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் சாலை' உண்டு. ஏரி இல்லை. மழைக்காலத்தில் நீர் மட்டும் தன் பழைய முகவரியைத் தேடி வருகிறது.

இந்தூரின் தீபாவளி

மேடையின் எல்லையைக் கெடிஸ் ஒருமுறையேனும் கடந்தார். அது தமிழகத்தில் அன்று, இந்தூரில். 1917–18 காலத்தில் அச்சமத்தானத்துக்கு நகரத்திட்டம் வகுக்கச் சென்றிருந்தபோது கொள்ளைநோய் பரவியிருந்தது. சந்துகளில் வரைபடத்துடன் திரிந்த வெள்ளைக்காரரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சினர். கெடிஸ் மன்னரிடம் ஒருநாள் அதிகாரம் கேட்டுப்பெற்றார். அவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் செல்லாது. எத்தெருவில் வீடுகள் மிகுதியாகச் செப்பனிடப்பட்டு, மிகத் தூய்மையாக உள்ளனவோ அத்தெரு வழியே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. ஊரே துடைப்பம் எடுத்தது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனின் உருவமும் கொள்ளைநோய் எலியின் உருவமும் சென்றன. புதிய வெள்ளாடையும் மாலையும் அணிந்த துப்புரவுப் பணியாளர்கள் நடுநாயகமாக நடந்தனர். திட்டமிடப்பட்ட புதிய வீடுகளின் மாதிரிகளும் பின்தொடர்ந்தன.

இதுவும் ஒரு நகரமைப்புச் சொற்பொழிவே. சொல்லுக்குப் பதில் தேர். ஆடி, சித்திரை, மாசி என்று திங்கட்பெயர் சூடிய வீதிகளில் தேரும் சப்பரமும் வலம்வரும் மதுரையைக் கண்டு எழுதியவர் அவர். கோயில் நகரங்களைப் பற்றித் தனிக்கட்டுரையும் எழுதியவர். திருவிழாவே வீதியின் அகலத்தைக் காக்கும் என்னும் பாடத்தை அவர் தெற்கிலிருந்து எடுத்துச் சென்றார் என்று கருத இடமுண்டு. ஆனால் இந்தூர் நிகழ்வை வியந்து மட்டும் எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மாலை அணிந்தவர் மறுநாளும் அதே வண்டியைத்தான் தள்ளினார். எத்தெரு தூயது என்று தேர்ந்தவரும் அவரல்லர். மரபைக் காக்க வேண்டும் என்னும் கெடிஸின் பரிவு, அம்மரபுக்குள் யார் எங்கே குடியிருக்க விடப்பட்டார் என்னும் வினாவைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கோட்டைக்குள் உள்ள சந்தைக் காக்கும் அறுவை, ஊருக்குப் புறத்தே உள்ள தெருவுக்கு எதைத் தரும் என்பது அவர் அறிக்கைகளோடு வாதிட வேண்டிய இடம்.

சொற்பொழிவிலிருந்து அறிவிப்புக்கு

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்ட வரைவு வெளியிடப்பட்டு, குறித்த காலத்துக்குள் மக்களின் மறுப்புரைகளும் கருத்துரைகளும் எழுத்தில் பெறப்படல் வேண்டும். கெடிஸ் வேண்டிய மக்கள் பங்கேற்பு இவ்வாறு சட்டவடிவம் பெற்றதெனலாம். ஆயினும் வடிவம் மாறும்போது வரிசையும் மாறிவிட்டது. அவர் முறையில் ஊரைச் சேர்ந்து காணுதல் முதலில், வரைதல் பின்னர். இங்கே வரைதல் முதலில். காணுதல் அறிவிப்பாணையாக வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில், 'நம் நகரின் நாளை' என்ற பொருளில் நடைபெற்ற பொதுச்சொற்பொழிவுக்குச் சென்றிருந்தேன். பேச்சாளர் கற்றறிந்தவர், திரையில் கண்ணாடிக் கட்டடங்களும் மரநிழல் நடைபாதைகளும் அழகாக வந்தன. பேச்சு ஏறத்தாழ ஆங்கிலத்தில் இருந்தது. முடிவில் வினாக்களுக்கு நேரம் தந்தபோது, பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இந்தப் படத்துல மார்க்கெட்டுக்குப் பின்னாடி சந்து எங்க இருக்கு?" என்று கேட்டார். பேச்சாளர் பொறுமையாகத் தேடினார். வரைபடத்தைப் பெரிதாக்கியும் பார்த்தார். அந்த அளவையில் அச்சந்து ஒரு கோட்டின் தடிமனுக்குள் அடங்கிப்போயிருந்தது. நிகழ்ச்சி முடிந்து அவரும் முதியவரும் வாயிலில் நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். முதியவர் கையை நீட்டி வழி காட்ட, இருவரும் சந்தையை நோக்கி நடக்கத் தொடங்கினர்.